உள்ளாட்சியும் குறைந்தபட்ச ஊதியமும்: பள்ளிகொண்டா – ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் இந்தியாவில் உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழங்கப்படவில்லை. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், உள்ளாட்சி அமைப்பின் கீழான வேலையையும் தோல் பதனிடும் தொழிலையும் ஒரே அட்டவணையில் வைத்தது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நகர்ப்புற உள்ளாட்சியின் பணிப்பட்டியலில் சேர்த்தது. இவ்விரு சட்ட ஏற்பாடுகளுக்கும் இடையே ஊதியம் என்னும் பொருள் எவ்வாறு விடுபட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊதிய உயர்வுக்கு உள்ளாட்சி அளிக்கும் ஆதரவை, அது இயற்றும் தீர்மானங்களைக் கொண்டு அளவிடுவதைவிட, அதன் சொந்த ஊதியப் பட்டியைக் கொண்டு அளவிடுவதே வரலாற்றுக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: குறைந்தபட்ச ஊதியம், உள்ளாட்சி, பேரூராட்சி, தோல் தொழில், பள்ளிகொண்டா, ஆம்பூர், தூய்மைப் பணியாளர், தொழில் வரி.

1. முன்னுரை

தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் ஆலை, சங்கம், வேலைநிறுத்தம், அரசு ஆகிய நான்கையும் பெரிதும் கருதுவர். உள்ளாட்சி வரலாற்றை எழுதுவோர் வரி, குடிநீர், சாலை, தேர்தல் ஆகியவற்றைக் கருதுவர். இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடம் ஊதியம். ஒரு சிற்றூரிலோ சிறு நகரத்திலோ உடலுழைப்பாளர்க்கு வழங்கப்படும் கூலியின் அளவை அவ்வூர் ஆலைகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. தெருவைக் கூட்டுவோர்க்கும் குடிநீர்த் தொட்டியை இயக்குவோர்க்கும் உள்ளாட்சி கொடுக்கும் கூலியும் அவ்வளவை உருவாக்கும் காரணிகளுள் ஒன்றாகும்.

உலகின் சில நகரங்களில் உள்ளாட்சி மன்றங்களே குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியுள்ளன. தமிழகத்தில் அத்தகைய நிகழ்வு ஏன் நேரவில்லை என்னும் வினாவுக்கு, அதிகாரம் இல்லை என்பது எளிய விடை. அவ்விடை உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. அதிகாரமில்லாத உள்ளாட்சியைச் சட்டம் வேறொரு தகுதியில், அதாவது வேலையளிப்பவர் என்னும் தகுதியில், ஊதிய வரலாற்றுக்குள் கொண்டுவந்துள்ளது. அத்தகுதியின் வரலாற்றைப் பாலாற்றங்கரைத் தோல் வட்டாரத்தின் பின்னணியில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆய்வுக் களம்

பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. பாலாற்றங்கரையில் அமைந்த அரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே உள்ளது. குடியாத்தம் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. கிழக்கே மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும், மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும், வடமேற்கே குடியாத்தமும் பேரணாம்பட்டும் என அமைந்த இவ்வட்டாரத்தில் தோல் பதனிடுதல், காலணி உற்பத்தி, பீடி சுற்றுதல், தீப்பெட்டி, கைத்தறி ஆகியவை உடலுழைப்பாளர் வாழ்வுக்கு ஆதாரமானவை.

இத்தொழில்களுள் தோல் தொழிலின் போக்கு 1970களில் திசைமாறியது. அதுவரை ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பாதி பதனிடப்பட்ட தோலே பெருமளவு ஏற்றுமதியாயிற்று. 1972ஆம் ஆண்டின் சீதாராமையா குழுப் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1973 முதல் பதனிடாத தோலின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் அளவு வரையறுக்கப்பட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணி மேற்பகுதியும் காலணியும் ஏற்றுமதிப் பொருள்களாயின. சுண்ணாம்புக் குழியிலும் ஊறல் தொட்டியிலும் ஆண்கள் மிகுதியாக உழைத்த தொழிலில், தைத்தலும் ஒட்டுதலும் பெருகியபோது பெண்கள் பெருமளவில் இடம்பெற்றனர். காலணி ஆலைகளின் பேருந்துகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பெண்களை ஏற்றிச் செல்வது இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சியாயிற்று. ஆலைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே மேற்பகுதியைக் கையால் தைப்போர் சோடிக் கணக்கில் சில ரூபாய்களே பெறுவதை, ஆம்பூர் வட்டாரம் பற்றி 2016இல் சிவிடெப், ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட் முதலிய அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கை பதிவுசெய்துள்ளது.

பதனிடும் ஆலையின் கடுமையான வேலைகளில் ஈடுபட்டோருள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். உள்ளாட்சியின் தூய்மைப் பணியில் ஈடுபட்டோரும் பெரும்பாலும் அவர்களே. எனவே இவ்விரு வேலைகளின் ஊதியத்தைத் தனித்தனியே ஆராய்வது, ஒரே சமூகப் பிரிவினரின் வருவாயை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதாகிவிடும்.

3. சட்டத்தின் முன்வரலாறு

குறைந்தபட்ச ஊதிய நிர்ணய முறை பற்றிய 26ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1928இல் ஏற்றது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம், இந்தியாவில் அம்முறை தேவைப்படுமா என ஆராயத்தக்க தொழில்களைச் சுட்டியது. பீடி சுற்றுதல், கம்பளி தூய்மை செய்தல், மைக்கா, அரக்கு ஆகியவற்றுடன் தோல் பதனிடுதலும் அவற்றுள் ஒன்று. சங்கம் வலுவாக அமையாத, சிறு கூடங்களாகச் சிதறிக் கிடந்த தொழில்கள் இவை. கூலியைப் பேரத்துக்கு விட்டால் உழைப்பவர் தோற்பது உறுதி என்னும் கருத்தே இத்தேர்வுக்கு அடிப்படை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட ரேகே குழு, தோல் பதனிடும் தொழிலாளர் நிலையையும் தனியாக ஆராய்ந்தது. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதி நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர், குறைந்தபட்ச ஊதிய மசோதாவை 1946 ஏப்ரல் 11ஆம் நாள் மத்திய சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். விடுதலைக்குப் பின் ஜகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராயிருந்த காலத்தில் அது நிறைவேறி, 1948 மார்ச் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இத்தோல் வட்டாரம் அடங்கிய பகுதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப் பெயர்பெற்றது. 1990களின் பிற்பகுதியில் அது வேலூர் மாவட்டமாயிற்று.

4. ஒரே அட்டவணை

1948ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா வேலைகளுக்கும் உரியதாக அமையவில்லை. அட்டவணையில் கண்ட வேலைகளுக்கே உரியதாயிற்று. அட்டவணையின் முதற்பகுதியில் தொடக்கத்தில் 12 இனங்கள் இடம்பெற்றன. மூன்றாவது இனம் பீடி உள்ளிட்ட புகையிலைத் தொழில். ஆறாவது இனம் உள்ளாட்சி அமைப்பின் கீழான வேலை. பன்னிரண்டாவது இனம் தோல் பதனிடுதலும் தோற்பொருள் உற்பத்தியும். பள்ளிகொண்டாவைச் சுற்றியுள்ள சில கல் தொலைவுக்குள் இம்மூன்று இனத் தொழிலாளரும் வாழ்கின்றனர்.

கம்பளம் நெய்யும் கூடத்தையும் கல்லுடைக்கும் களத்தையும் தோல் கூடத்தையும் எந்த ஐயத்தோடு சட்டம் நோக்கியதோ, அதே ஐயத்தோடு நகராட்சியையும் ஊராட்சியையும் நோக்கியது என்பதே ஆறாவது இனம் தரும் செய்தி. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் என்பதனால் அது நேர்மையான கூலி கொடுக்கும் என்று சட்டம் நம்பவில்லை.

சட்டத்தின் 2ஆம் பிரிவு 'வேலையளிப்பவர்' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் மேலும் கருதத்தக்கது. உள்ளாட்சி அமைப்பின் கீழான வேலையைப் பொறுத்தவரை, பணியாளரை மேற்பார்வையிட அவ்வமைப்பால் அமர்த்தப்பட்டவர் வேலையளிப்பவர் ஆவார். அவ்வாறு ஒருவர் அமர்த்தப்படாதபோது அவ்வமைப்பின் தலைமை நிர்வாக அலுவலரே வேலையளிப்பவர் ஆவார். பேரூராட்சியில் அந்நிலையில் இருப்பவர் செயல் அலுவலர். தோல் ஆலை உரிமையாளரும் பேரூராட்சிச் செயல் அலுவலரும் இச்சட்டத்தின் கண்ணில் ஒரே வகையினர்.

ஊதியத்தை நிர்ணயிக்கும் முறையை 5ஆம் பிரிவு வகுத்தது. அரசு குழு அமைத்து அதன் கருத்தைப் பெறலாம். அல்லது முன்மொழிவை அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் அளித்துப் பாதிக்கப்படுவோரின் கருத்துகளைக் கேட்கலாம். 9ஆம் பிரிவின்படி குழுவில் வேலையளிப்போர் சார்பிலும் தொழிலாளர் சார்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் இருத்தல் வேண்டும். மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத தனி உறுப்பினரும் இடம்பெறலாம். ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளிகளில் ஊதியம் மறுஆய்வு செய்யப்படல் வேண்டும். இந்நடைமுறையில் ஓர் ஊரின் பேரால், அவ்வூர் உழைப்பாளர்க்காகக் கருத்துரைக்கும் இடம் உள்ளாட்சிக்குத் தரப்படவில்லை. தன் பணியாளர் ஊதியம் உயரும்போது செலவு கூடும் என்று கருத்துரைக்கும் வேலையளிப்பவர் இடமே அதற்குக் கிடைத்தது. ஊதிய உயர்வுக்கு உள்ளாட்சி தரும் ஆதரவு தமிழகத்தில் வலுவான மரபாக வளராமைக்கு இவ்வமைப்பு முதற்காரணம்.

5. உரிமம் உள்ளாட்சிக்கு, ஊதியம் அரசுக்கு

தோல் ஆலையோடு உள்ளாட்சிக்கு வேறொரு பழைய உறவும் உண்டு. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், அபாயகரமான, தொல்லை தரும் தொழில்களுக்கு நகராட்சி உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கியது. ஊராட்சிகளுக்கும் இத்தகைய அதிகாரம் பிற்காலச் சட்டங்களில் வழங்கப்பட்டது. துர்நாற்றம், கழிவு, தீ, நோய் ஆகியவற்றை முன்னிட்டு உள்ளாட்சி ஆலைக்குள் நுழையலாம்; உரிமத்துக்கு நிபந்தனை விதிக்கலாம். வருகைப் பதிவேட்டையும் கூலிப் பதிவேட்டையும் கேட்க அவ்வுரிமம் இடந்தரவில்லை.

அரசமைப்பின் நான்காம் பகுதியில் 40ஆம் உறுப்பு ஊராட்சி அமைப்பையும் 43ஆம் உறுப்பு வாழ்வூதியத்தையும் அரசின் நெறிகளாகக் கூறுகின்றன. 1992ஆம் ஆண்டின் 73, 74ஆவது திருத்தங்கள் முதல் நெறிக்குச் சட்ட வடிவம் தந்தன. 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பணிகளுள் இறுதியானது, இறைச்சிக் கூடங்களையும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளையும் ஒழுங்குபடுத்துதல். நகர்ப்புற உள்ளாட்சியின் பணிகளுள் பெயர் சுட்டப்பட்ட தொழிற்சாலை வகை இதுவே. ஆனால் இவ்வட்டவணையின் 18 பணிகளிலும், ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 பணிகளிலும் தொழிலாளர் ஊதியம் இடம்பெறவில்லை. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில், அதாவது ஒன்றிய, மாநில அரசுகளின் கையில், நிலைத்தது.

இப்பிரிவினையின் விளைவை, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்போடு ஒப்பிட்டு உணரலாம். பாலாற்று நீரும் விளைநிலமும் கெட்டமை பற்றிய அவ்வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதி பெற்றன. நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த கேடு ஊர் முழுவதற்குமான கேடாகக் கருதப்பட்டது. ஊதியக் குறைவோ தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தனி வழக்காகவே நின்றது. ஓர் ஊரின் வாங்கும் திறனையும் வரி வருவாயையும் ஊதியக் குறைவு பாதிக்கிறது; எனினும் அதை ஊர்ப்பொதுக் கேடாகக் கொண்டு உள்ளாட்சி வழக்காடத்தக்க வழியைச் சட்டம் திறக்கவில்லை.

6. பிறநாட்டு உள்ளாட்சிகளின் அனுபவம்

உள்ளாட்சி முன்னின்று ஊதியத்தை உயர்த்திய நிகழ்வுகளுள் இலண்டனின் பாப்லர் பெருநகர்ப் பகுதி மன்றத்தின் செயல் முதன்மையானது. ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் அமைந்த அம்மன்றம் 1920இல் தன் பணியாளர்க்கு வாரம் 4 பவுன் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம். ஏழைப் பகுதிகள்மீது ஏற்றப்பட்ட வரிச்சுமையை எதிர்த்து 1921இல் அம்மன்ற உறுப்பினர் 30 பேர் சிறை சென்றனர். விலைவாசி குறைந்த பின்னும் மன்றம் ஊதியத்தைக் குறைக்கவில்லை. மாவட்டத் தணிக்கையாளர் அதனை மிகைச்செலவெனக் கண்டு, 5000 பவுனை உறுப்பினர்களிடமிருந்தே பெற ஆணையிட்டார். தகுதியெனக் கருதும் ஊதியத்தை வழங்கச் சட்டம் மன்றத்துக்கு உரிமை தந்திருந்தது. எனினும் 1925இல் பிரபுக்கள் அவை, ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் வழக்கில், தணிக்கையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. வரி செலுத்துவோரின் பணத்தைக் கையாளும் மன்றம் சந்தை ஊதியத்தைக் கருதாமல் தன் கொள்கைக்கேற்ப ஊதியம் வழங்குதல் தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் இம்மரபு வேறு வழியில் வளர்ந்தது. 1994இல் பால்டிமோர் நகரம், தன்னிடம் ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் பணியாளர்க்கு வாழ்வூதியம் வழங்க வேண்டும் என விதித்தது. 2003இல் சான் பிரான்சிஸ்கோ, சாண்டா ஃபே நகரங்கள் தம் எல்லைக்குள் இயங்கும் தனியார் நிறுவனங்களுக்கும் உரிய குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்படுத்தின. 2013இல் சீடாக் நகர வாக்காளரும் 2014இல் சியாட்டில் நகர மன்றமும் மணிக்கு 15 டாலர் என்னும் அளவை ஏற்றனர். மறுதலையான நிகழ்வும் உண்டு. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகர மன்றம் ஊதியத்தை உயர்த்தியபோது, 2016 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றம் நகரங்களுக்கு அவ்வுரிமை இல்லையெனச் சட்டமியற்றி அதனைச் செயலற்றதாக்கியது.

இந்நிகழ்வுகளிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். பாப்லரிலும் பால்டிமோரிலும் முயற்சி, நகரின் சொந்தப் பணியாளரிடமோ ஒப்பந்தப் பணியாளரிடமோதான் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள்மீது விதி செய்தல் பின்னர் வந்தது. இம்முயற்சிகளுக்குத் தடை தனியார் முதலாளிகளிடமிருந்து மட்டும் எழவில்லை. தணிக்கை, மேலரசு, நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்தும் எழுந்தது. இவ்விரண்டும் தமிழகத்தின் நிலையை விளங்கிக்கொள்ள உதவுவன.

7. உள்ளாட்சியின் ஊதியப் பட்டி

தமிழகப் பேரூராட்சியில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கவும் அவற்றுக்கு ஊதிய விகிதம் வகுக்கவும் மாநில அரசின் ஒப்புதல் தேவை. நிரந்தரப் பணியிடங்கள் குறைந்த அளவில் நிற்க, குடியிருப்புகள் பெருகியபோது, தூய்மைப் பணி வெளிமுகமை முறைக்கு மாறியது. ஒப்பந்ததாரர் வழியாகவும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகவும் பணியாளர் அமர்த்தப்பட்டனர். நாட்கூலிப் பணியாளர்க்கு மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் கூலி அளவுகோலாயிற்று.

இதனால் உள்ளாட்சிப் பணியாளர் ஊதியத்துக்கு இரண்டு அளவுகள் தோன்றின. ஒன்று குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி அரசு அறிவிக்கும் அளவு. மற்றொன்று ஆட்சியர் அறிவிக்கும் நாட்கூலி. உள்ளாட்சி அமைப்புகளின் வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் திருத்தி 2017 அக்டோபர் 11ஆம் நாள் தொழிலாளர், வேலைவாய்ப்புத் துறை வெளியிட்ட அரசாணை (2டி) எண் 62, தூய்மைப் பணியாளர் சங்கங்களின் கோரிக்கைகளில் இன்றுவரை இடம்பெறும் ஆவணம். அவ்வாணையை முழுமையாக நடைமுறைப்படுத்துக என்பதே அக்கோரிக்கை. கோரப்படுவது ஊதிய உயர்வன்று, அறிவிக்கப்பட்ட ஊதியமே என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

அவ்வாணை வெளியான காலமும் பொருள் பொதிந்தது. தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரிலும், மாநிலம் முழுவதற்குமான நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாளும் நடைபெற்றன. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். எனவே உள்ளாட்சிப் பணியாளரின் ஊதியத்தைத் திருத்திய ஆணையை வரவேற்கவோ, அதற்கென நிதி ஒதுக்கித் தீர்மானிக்கவோ தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவும் அப்போது இல்லை.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதும் இவ்வரலாற்றில் சேர்த்து எண்ணத்தக்கது. பள்ளிகொண்டா வேலூரிலும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரிலும், மேல்விஷாரம் இராணிப்பேட்டையிலும் அமைந்தன. தோல் தொழிலால் ஒன்றுபட்ட ஒரே உழைப்புச் சந்தைக்குள் நாட்கூலியை நிர்ணயிக்கும் அலுவலகம் ஒன்றாயிருந்தது மூன்றாயிற்று.

பள்ளிகொண்டாவைச் சூழ்ந்த ஊராட்சிகளில் நிலைமை வேறு வடிவம் கொண்டது. ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்க்கு வழங்கப்படும் மாதத் தொகை 3600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2022இல் அறிவிக்கப்பட்டது. இத்தொகை ஊதியம் என அழைக்கப்படுவதில்லை, மதிப்பூதியம் எனப்படுகிறது. முழுநாள் வேலையெனக் கொண்டு மாதத்துக்கு 26 நாளாக வகுத்தால் நாளொன்றுக்கு 192 ரூபாய் ஆகிறது. ஊரக வேலையுறுதித் திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2024–25இல் 319 ரூபாய். 2025–26இல் 336 ரூபாய். ஒரே ஊராட்சியில் குளம் வெட்டுவோர்க்குரிய கூலியைவிடக் குப்பை அள்ளுவோர்க்குரிய தொகை குறைந்திருப்பதற்கு, பகுதிநேரப் பணி என்னும் விளக்கமும் மதிப்பூதியம் என்னும் சொல்லுமே துணைநிற்கின்றன. இங்குப் பணியின் பெயரே சட்டத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

நிதியில்லை என்பது உள்ளாட்சிகள் வழக்கமாகக் கூறும் விடை. அது பொய்யான விடையன்று. சொந்த வருவாய் குன்றிய பேரூராட்சி மாநில நிதி ஆணையப் பகிர்வை நம்பியே இயங்குகிறது. ஆயினும் நீதிமன்றங்கள் இவ்விடையை ஏற்றதில்லை. 1961இல் உண்ணிச்சோயி வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது வேலையளிப்பவரின் கொடுக்கும் திறனைக் கருத வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. 1983இல் சஞ்சித் ராய் வழக்கில், பஞ்ச நிவாரணப் பணியாயினும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. பணி ஒப்பந்ததாரர் வழியாக நடந்தாலும் பொறுப்பு நீங்குவதில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் ஊதியம் வழங்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் வழங்க வேண்டும் என விதித்தது.

வெளிமுகமையால் ஊதியம் குறையும் என்னும் அச்சம் 2025 ஆகஸ்டில் சென்னையில் வெளிப்பட்டது. மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முடிவை எதிர்த்துப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராடினர். மாத ஊதியம் பல ஆயிரம் ரூபாய் குறையும் என்பது அவர்தம் முதன்மை முறையீடுகளுள் ஒன்று. சட்டம் விதித்த குறைந்தபட்சம் வழங்கப்படும் என்னும் உறுதிமொழி அவர்களை அமைதிப்படுத்தவில்லை. முன்னர் மேலதிக ஊதியம் பெற்றவர்க்குக் குறைந்தபட்சமே உச்சவரம்பாக மாறுவதை அவர்கள் எதிர்த்தனர்.

8. அளவுகோலும் ஆவணமும்

குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதற்கு 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு நெறி வகுத்தது. ஒரு தொழிலாளிக்கு மூன்று நுகர்வு அலகு கொண்ட குடும்பம், ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலிய பிற செலவுகளுக்கு மட்டும் ஊதியத்தில் 20 விழுக்காடு என்பன அந்நெறிகள். தமிழகத்திலிருந்து எழுந்த ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது. ஓர் ஊரில் வாடகை எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாகிறது, பள்ளிக்கு எவ்வளவு என்பவற்றை மாநிலத் தலைநகரைவிட உள்ளாட்சியே நெருங்கி அறியும்.

ஊதியம் பற்றிய ஆவணமும் உள்ளாட்சியிடம் உண்டு. தொழில் வரியை அரையாண்டுதோறும் உள்ளாட்சியே வசூலிக்கிறது. ஆலை நிர்வாகம் பணியாளரின் ஊதியத்தில் அவ்வரியைப் பிடித்தம் செய்து உள்ளாட்சிக்குச் செலுத்துகிறது. 1998இல் தமிழகத்தில் திருத்தி அமைக்கப்பட்ட இவ்வரியில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்வரை விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது மாதம் 3500 ரூபாய். விலைவாசி பன்மடங்கு உயர்ந்தபின்னும் இவ்வரம்பு நெடுங்காலம் நிலைத்தது. ஆகவே மிகக் குறைந்த ஊதியம் பெறுவோரும் வரியெல்லைக்குள் வந்தனர். ஊதியத்தைக் கேட்கும் அதிகாரமற்ற உள்ளாட்சி, ஊதியத்தின்மீது வரி பெறும் அதிகாரம் உடையதாயிருக்கிறது. வரி பெறுவதற்கு ஊதியக் கணக்கு தேவை. எனவே தோல் வட்டாரத்தின் ஊதிய வரலாற்றை ஆராய்வோர்க்குத் தொழிலாளர் துறையின் ஆய்வறிக்கைகளோடு, பேரூராட்சி, நகராட்சிகளின் தொழில் வரிப் பதிவேடுகளும் முதன்மைச் சான்றுகளாகும்.

9. அட்டவணையின் முடிவு

2019இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைத் தொழில் என்னும் வரையறை இதனால் நீங்கியது. குறைந்தபட்ச ஊதியம் எல்லா வேலைகளுக்கும் உரியதாயிற்று. ஒன்றிய அரசு அடித்தள ஊதியத்தை நிர்ணயிக்கும். மாநிலங்கள் அதற்குக் குறையாத ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டும். அட்டவணைக்கு வெளியே நின்ற தொழிலாளர்க்கு இது விரிவு. அதே வேளையில், உள்ளாட்சியையும் தோல் ஆலையையும் பீடிக் கூடத்தையும் பெயர் சுட்டி ஒரே வரிசையில் நிறுத்திய ஆவணம் வரலாறாகிவிட்டது. ஊதியத்தின் கீழெல்லையை வகுக்கும் இடம் மாநிலத்துக்கு மேலும் மேலே சென்றிருக்கிறது. மாநில ஆலோசனை வாரியத்தில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடம் அளிக்கப்பட்டிருப்பது, பெண்கள் மிகுந்த காலணித் தொழிலை நோக்கும்போது குறிப்பிடத்தக்க மாற்றம். உள்ளாட்சிக்கு அவ்வாரியத்தில் தனியிடம் வகுக்கப்படவில்லை.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

தமிழக உள்ளாட்சி குறைந்தபட்ச ஊதிய வரலாற்றில் வெளியாள் அன்று. 1948 முதலே அது வேலையளிப்பவராக அவ்வரலாற்றின் உள்ளே நிற்கிறது. சட்டம் அதன்மீது கொண்ட ஐயம் காரணமற்றதன்று என்பதை ஒப்பந்தமுறையும் மதிப்பூதியமும் காட்டுகின்றன.

தோல் ஆலையின் கழிவைக் கேட்கும் உரிமையை உள்ளாட்சிக்குத் தந்த சட்டம், அதன் கூலியைக் கேட்கும் உரிமையைத் தரவில்லை. 74ஆவது திருத்தமும் இப்பிரிவினையை மாற்றவில்லை.

பாப்லர், பால்டிமோர் நகரங்களின் வரலாறு காட்டுவதுபோல், ஊதிய உயர்வுக்கு உள்ளாட்சி தரும் ஆதரவு அதன் சொந்தப் பணியாளரிடமும் ஒப்பந்தப் பணியாளரிடமும் தொடங்குவது. அதற்குப் பள்ளிகொண்டா போன்ற பேரூராட்சிக்குப் புதிய சட்டம் தேவையில்லை. அறிவிக்கப்பட்ட ஊதியத்தை ஒப்பந்த நிபந்தனையாக்கவும், நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒதுக்கீடு செய்யவும், ஒப்பந்ததாரர் தவறினால் தானே வழங்கவும் நடப்புச் சட்டமே போதும். நிதிப்பற்றாக்குறையை மாநில நிதி ஆணையத்தின் முன் ஊதியக் கணக்கோடு வைப்பதற்கும் தடையில்லை.

தெருக்கூட்டும் பெண்ணுக்கு உள்ளாட்சி சட்டப்படியான ஊதியத்தை வழங்காதவரை, காலணி தைக்கும் பெண்ணுக்காக அது இயற்றும் தீர்மானத்துக்கு மதிப்பில்லை. பல குடும்பங்களில் அவ்விருவரும் தாயும் மகளுமாக ஒரே வீட்டில் வாழக்கூடியவர்கள். உள்ளாட்சியின் ஊதியப் பட்டியும் ஆலையின் ஊதியப் பட்டியும் அவ்வீட்டின் அடுப்பில் ஒன்றாகச் சேர்கின்றன. இவ்விரு பட்டிகளையும் சேர்த்து வாசிக்கும் ஆய்வுகளே தோல் வட்டாரத்தின் தொழிலாளர் வரலாற்றை முழுமையாக்கும்.